இரண்டு பிம்பமும் ஒன்றாகும் வரை



பழைய கேமராவின் முதுகில் இருக்கும் ஒரு சின்ன ஜன்னலைப் பற்றி இன்று உங்களோடு பேசப் போகிறேன். கண்ணை ஒட்டி வைத்துப் பார்ப்போமே, சுண்டுவிரல் நகத்தளவு கண்ணாடி, அதுதான். வியூஃபைண்டர் என்கிறோம். அதைத் துடைப்பதும் அதன் பார்வையைச் சரிசெய்வதும் பஞ்சும் ஸ்பிரிட்டும் இருந்தால் முடிகிற காரியம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். அது கையை அடக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு கலை என்று இப்போது சொல்வேன்.

எனக்கு ஊர் பூவம். காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில், நமது காரைக்கால் மாவட்டத்தின் வடக்கு எல்லையில் இருக்கிறது. நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. கிழக்கே நடந்தால் கடல். நம் பக்கத்துக் குடும்பங்களில் ஒருவராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிரான்சிலோ இருப்பார். அவர் ஊருக்கு வரும்போது பெட்டியில் கோடாலித் தைலமும் நைலக்ஸ் புடவையும் டேப் ரிக்கார்டரும் வரும். சில பெட்டிகளில் கேமராவும் வந்தது. 1961-இல் வெளிவந்த கேனனெட், 1966-இல் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35, மினோல்டாவின் ஹை-மேட்டிக். அவற்றில் பல இன்றும் நம் வீட்டு அலமாரிகளில், தோல் உறைக்குள், யாரும் தொடாமல் கிடக்கின்றன. எங்கள் வீட்டில் கிடந்தது ஒரு எலக்ட்ரோ 35. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது.

இவை எல்லாம் ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தூரமானி, வகைக் கேமராக்கள். தூரத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவை. எப்படி என்று தெரிய வேண்டுமானால், வீட்டில் உட்கார்ந்து இந்த வானொலிப் பேச்சைக் கேட்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் வேண்டாம். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடியுங்கள். இடக்கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலக்கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தாவும். விரலைப் பக்கத்தில் கொண்டுவந்தால் தாவல் கூடும், தள்ளிப் பிடித்தால் குறையும். எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் அவ்வளவாகத் தாவாது. இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரிந்தால், இந்தத் தாவலை வைத்தே தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். நில அளவைக்காரர்களும் மாலுமிகளும் நெடுங்காலமாகச் செய்துவந்த முக்கோணக் கணக்கு இதுதான்.

கேமராவின் முகப்பிலும் இரண்டு கண் உண்டு. ஒன்று பெரிய ஜன்னல், சற்றுத் தள்ளி இன்னொன்று சிறியது. சிறிய ஜன்னலில் நுழையும் வெளிச்சம் உள்ளே ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, பெரிய ஜன்னலுக்குப் பின்னால் 45 டிகிரி சாய்ந்து நிற்கும் மற்றொரு கண்ணாடிக்கு வருகிறது. இந்த இரண்டாவது கண்ணாடிதான் அதிசயம். இரவு நேரத்தில் மாயவரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னல் கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். நம் முகமும் அதில் தெரியும், அதன் வழியே வயலோரத்து விளக்கும் தெரியும். அந்த மாதிரிப் பாதி காட்டி, பாதி கடத்தும் கண்ணாடி இது. அதன் வழியே நேரே ஒரு காட்சி தெரிகிறது. நடுவில், மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள், பக்கத்து ஜன்னலின் காட்சி அதன் மேல் படிகிறது. லென்ஸின் வளையத்தைத் திருகினால் உள்ளே ஒரு நெம்புகோல் அசைந்து, கட்டத்துக்குள் இருக்கும் பிம்பம் இடம் வலமாக நகரும். எதிரே நிற்பவரின் இரண்டு மூக்கும் ஒரே மூக்காகிற இடத்தில் நிறுத்தினால் ஃபோகஸ் சரி.

1925-இல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தபோது இந்த ஏற்பாடு அதனுள் இல்லை. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு லென்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும். 1932-இல் வந்த லைக்கா இரண்டிலும் அதே ஆண்டு வந்த கான்டாக்ஸிலும்தான் தூரமானியை லென்ஸோடு இணைத்தார்கள். அப்போதும் லைக்காவில் ஃபோகஸ் பார்க்க ஒரு துளை, காட்சியைக் கட்டம் கட்ட இன்னொரு துளை. இரண்டையும் ஒரே ஜன்னலுக்குள் கொண்டுவந்த லைக்கா, 1954-இல் வெளியான எம்3. அதே 1954 நவம்பர் முதல் தேதியில்தான் காரைக்காலும் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்திய நிர்வாகத்துக்கு வந்தன.

அந்தப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே இந்த வகைக் கேமராவின் மாபெரும் கலைஞர் ஒருவர் நம் பக்கம் வந்திருக்கிறார். 1950 ஏப்ரலில் ஆன்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷி மறைந்த ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு அவர் அங்கேதான் இருந்தார். அடுத்து புதுச்சேரி வந்து, ஆசிரமத்தில் ஸ்ரீ அரவிந்தரையும் அன்னையையும் படமெடுத்தார். அந்த டிசம்பரில் அரவிந்தர் மறைந்துவிட்டார். நாற்காலியில் அமர்ந்திருக்கும் அரவிந்தரின் அந்தப் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். எம்3 வருவதற்கு நான்கு ஆண்டு முந்தைய காலம் அது. ஒரு துளையில் பிம்பத்தை இணைத்து, மறு துளையில் கட்டம் பார்த்து எடுக்க வேண்டிய காலம். அந்தச் சிறு கண்ணாடிகள் மங்கியோ விலகியோ இருந்திருந்தால் அந்த முகம் நமக்குத் தெளிவாகக் கிடைத்திருக்காது.

மங்குவது எதனால்? முதல் காரணம், வெளியே இருக்கும் தூசி அல்ல. லென்ஸ் திருகுப் பகுதியில் தடவிய பழைய கிரீஸ் ஆண்டுக்கணக்கில் ஆவியாகி, உள்பக்கக் கண்ணாடிகளில் எண்ணெய்ப் படலமாக உறைகிறது. அதன் மேல் தூசி ஒட்டுகிறது. இரண்டாவது, நம் ஊர்க் காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே வியர்க்கும் ஊர் இது. தோல் உறைக்குள் பூட்டிவைத்த கேமராவில் ஈரம் தங்கி, கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்கிறது. விட்டுவைத்தால் அது கக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பிறகு பூஞ்சணத்தைத் துடைத்தாலும் தடம் போகாது. சித்தப்பாவின் கேமராவை எடுத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது, புரை விழுந்த கண் வழியே பார்ப்பது மாதிரி ஒரு வெண்மூட்டம். மஞ்சள் கட்டம் இருக்கும் இடமே தெரியவில்லை.

நானே திறந்தேன். மேல்மூடி, சுற்றுப்பிடி, திருகுகள் எல்லாம் சரியாகக் கழன்று வந்தன. பெரிய ஜன்னலை உள்ளும் புறமும் துடைத்தேன், பளிச்சென்று ஆயிற்று. அந்த உற்சாகத்தில் சாய்ந்து நின்ற கண்ணாடியைப் பார்த்தேன். அதன் மேல் பழுப்பு மஞ்சளாக ஒரு கறை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அழுத்தித் தேய்த்தேன். கறை போய்விட்டது. கண்ணை வைத்துப் பார்த்தேன். காட்சி படிகமாகத் தெரிந்தது. மஞ்சள் கட்டத்தை மட்டும் காணவே காணோம்.

எங்கள் பகுதியில் கடிகாரமும் கேமராவும் பழுதுபார்க்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். பாய் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். அவரிடம் எடுத்துப் போனேன். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர் சொன்னார்: “கறைன்னு நெனச்சியா தம்பி? அதுதான் கண்ணாடி. நீ தொடச்சு எடுத்துட்டே.”

பாதி காட்டிப் பாதி கடத்தும் அந்தக் கண்ணாடியின் சூட்சுமம் முழுவதும் அதன் மேலிருக்கும் உலோகப் பூச்சில் இருக்கிறது. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அது வராது. பழையதாகிவிட்டால் விரல் பட்டாலே உரியும். பாய் அன்று சொன்ன வழியைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன். “பஞ்சை எடுக்காதே. ரப்பர் பல்பால ஊது. போகலையா, நாளைக்கு வந்து ஊது. அப்பவும் போகலையா, இருக்கட்டும்னு விடு.”

இந்தக் கலையின் முதல் பாடம் இதில் இருக்கிறது. எல்லாக் கண்ணாடியும் ஒரே கண்ணாடி அல்ல. கண் வைக்கும் வில்லையும் முகப்பு ஜன்னல்களும் கெட்டியானவை. அவற்றை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம். அதுவும் நடுவிலிருந்து வெளியே ஒரே இழுப்பு, ஒரு குச்சிக்கு ஒரே துடைப்பு. திரும்பத் துடைத்தால் எடுத்த அழுக்கையே மறுபடி பூசுகிறோம். உள்ளே போகப் போகக் கை மெதுவாக வேண்டும். அசையும் கண்ணாடிக்கு ஊதல் போதும். பாதிக்கண்ணாடிக்கு ஊதலுக்கு மேல் எதுவும் கூடாது.

வேலை தொடங்கும் முன் ஃபிலிமை எடுத்துவிட வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மேசையில் வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ள வேண்டும். வெள்ளைத் துணியில் விழுந்த திருகு உருண்டு ஓடாது, கண்ணுக்கும் படும். ஜப்பானியக் கேமராவின் கூட்டல் குறித் திருகுகளுக்கென்று தனி முனையுள்ள திருப்புளி உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரணப் பிலிப்ஸ் திருப்புளி நழுவித் தலையைச் சிதைக்கும். ஃபிலிம் சுற்றும் பிடியைக் கழற்ற, பின்மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் கவையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே பிடியை இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். மேல்மூடியைச் சட்டென்று தூக்கக் கூடாது. சில மாடல்களில் முடிமெல்லிய மின்கம்பிகள் அதோடு ஒட்டியிருக்கும். கழற்றிய ஒவ்வொன்றையும் வரிசையாக ஒரு காகிதத்தில் வைத்து, எது எந்த இடத்தது என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் படமெடுத்துக்கொண்டே போவது இன்னும் நல்லது.

என் கேமராவுக்கு, செத்துப்போன வேறொரு கேமராவிலிருந்து பாதிக்கண்ணாடியை எடுத்து, அளவுக்கு வெட்டிப் பாய் பொருத்திக் கொடுத்தார். மஞ்சள் கட்டம் திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் தெரிந்த பிம்பம் பக்கத்திலும் விலகி, மேலும் கீழுமாகவும் விலகி நின்றது. இரண்டாவது பாடம் அங்கே தொடங்கியது. “நாளைக்குச் சாயங்காலம் உங்க ஊர்க் கடற்கரைக்கு வரேன்” என்றார்.

கடற்கரைக்கு ஏன்? லென்ஸ் வளையத்தில் தூரங்கள் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் படுத்த எட்டு ஒன்று பொறித்திருக்கும். முடிவிலி என்று பொருள். லென்ஸ் அந்தப் படுத்த எட்டில் நிற்கும்போது, மிகத் தொலைவில் இருக்கும் பொருளின் இரண்டு பிம்பமும் ஒன்றாக இருக்க வேண்டும். மற்ற எல்லாத் தூரமும் இதை வைத்துத்தான் நிற்கின்றன. தெருமுனைத் தென்னையை முடிவிலி என்று வைத்துக்கொண்டால் தப்பு நேரும். குறைந்தது ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்கும் பொருள் வேண்டும்.

அந்த நுட்பத்தின் அளவைச் சொல்கிறேன். எம்3-இல் இரண்டு ஜன்னலுக்கும் இடையே சுமார் 68 மில்லிமீட்டர்தான். கண்ணாடி திரும்பும் ஒரு கேமராவில் அது 60 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், முடிவிலியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்துக்கு வர, உள்ளிருக்கும் கண்ணாடி இரண்டு டிகிரிகூடத் திரும்புவதில்லை. முடிவிலிக்கும் பத்து மீட்டருக்கும் நடுவே அது திரும்புவது ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு. இதை ஒரு திருகு தாங்குகிறது. எலக்ட்ரோவின் லென்ஸ் 45 மில்லிமீட்டர், எஃப் 1.7. முழுதாகத் திறந்து ஒரு மீட்டரில் இருக்கும் முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். அந்தத் திருகு மயிரிழை பிசகினாலும் கண்ணுக்குப் பதில் காது தெளிவாக விழும்.

மறுநாள் மாலை பூவம் கடற்கரையில் நின்றோம். சூரியன் முதுகுக்குப் பின்னால். காலையில் போயிருந்தால் கடலிலிருந்து எழும் சூரியன் நேரே கண்ணில் விழும், கேமரா வழியே அதைப் பார்க்கவே கூடாது. பாய் முதலில் தொடுவானத்தைப் பார்க்கச் சொன்னார். மணலில் நிற்கும் ஆளின் கண்ணுக்குத் தொடுவானம் நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேல். முடிவிலிக்கு அது தாராளம். கட்டத்துக்குள் கடற்கோடு ஒரு படி கீழே இறங்கி நின்றது. மேல்கீழ்த் திருகை இம்மியளவு திருப்பினார். கோடு ஏறி வந்து மற்றக் கோட்டோடு சேர்ந்தது.

“சரியாயிடுச்சு” என்றேன். “பாதிதான்” என்றார். தொடுவானம் கிடைக்கோடு. அது பக்கவாட்டில் எவ்வளவு விலகியிருந்தாலும் கோட்டின் மேல் கோடாகத்தான் தெரியும். மேல்கீழ் விலகலை அது காட்டிக்கொடுக்கும், இடம்வல விலகலை மறைத்துவிடும். ஃபோகஸைக் கெடுப்பதோ இடம்வல விலகல்தான். அதைப் பிடிக்க நெட்டுக்குத்தாக ஒரு கோடு வேண்டும். கரையோரமாக வெகு தொலைவில் ஒரு செல்போன் டவர் தெரிந்தது. கட்டத்துக்குள் அது இரட்டையாக நின்றது. பக்கவாட்டுத் திருகைத் தொட்டதும் இரண்டு டவரும் ஒன்றையொன்று நெருங்கி ஒன்றாயின. திரும்பவும் தொடுவானத்தைப் பார்த்தார். ஒன்றைத் திருகும்போது மற்றது சற்று நகர்ந்துவிடும். மூன்று முறை கடலையும் டவரையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் திருப்புளியை மடியில் வைத்தார். கடல் ஒரு கோடு, கரை ஒரு கோடு. இந்த வேலைக்கு இதைவிட நல்ல பட்டறை வேறு எங்கும் கிடையாது.

இருட்டிய பிறகு ஒரு நட்சத்திரத்தைக் காட்டினார். புள்ளிக்கு எல்லாத் திசையும் உண்டு. மேல்கீழும் இடம்வலமும் ஒருங்கே சரியாக இருந்தால்தான் இரண்டு புள்ளி ஒரு புள்ளியாகும். அது ஒரே புள்ளியாகத்தான் தெரிந்தது. அன்று நான் அடைந்த சந்தோஷத்தை இப்போதும் மறக்க முடியவில்லை.

முடிவிலி சரியானால் மட்டும் போதாது. வீட்டுக்கு வந்து, ஃபிலிம் நிற்கும் இடத்திலிருந்து சரியாக ஒரு மீட்டர் டேப்பால் அளந்து, கதவு நிலையைப் பார்த்துச் சோதிக்க வேண்டும். லென்ஸும் உண்மை சொல்கிறதா என்று பார்க்க, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் டிரேசிங் பேப்பரை இறுக்கமாக ஒட்டி, ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, அதில் விழும் பிம்பத்தைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பார்கள். இதைத் தூரமானியைத் தொடும் முன்பே செய்துவிட வேண்டும். லென்ஸ் முதலில், தூரமானி அடுத்து. வரிசை மாறினால் பொய்யான லென்ஸுக்குத் தூரமானியைத் தாளம் போட வைத்ததாகிவிடும். எல்லாம் ஒத்துவந்த பிறகு திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு. இனி அசையாது.

இவ்வளவு பாடுபட்டு இந்த ஜன்னலைக் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனிப் பௌர்ணமியில் நம் காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு வந்து பாருங்கள். பிச்சாண்டவர் வீதியுலா வருகிறார். மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கிறது, கீழே ஆயிரம் கை எழுகிறது. எஸ்.எல்.ஆர். கேமராவில் பொத்தானை அழுத்தும் அந்தக் கணத்தில் உள்ளிருக்கும் கண்ணாடி மேலே எழும்பிப் பார்வையை மறைக்கும். எடுக்கிற நொடியை எடுப்பவரே பார்ப்பதில்லை. ரேஞ்ச்ஃபைண்டரில் ஜன்னல் மூடுவதே இல்லை. ஒளிரும் சட்டத்துக்கு வெளியேயும் உலகம் தெரியும். மாடியிலிருந்து கிளம்பிய மாம்பழம் சட்டத்துக்குள் நுழைவதை, அதற்குக் கீழே ஒரு பாட்டி முந்தானையை விரிப்பதை, விரலை அழுத்தும் நொடியிலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்தப் பார்வை தெளிவாக இருப்பதற்குத்தான் இத்தனை பாடும்.

நல்ல கைவேலையை எப்படி அடையாளம் காண்பது? திருகின் தலையைப் பாருங்கள், சிதைந்திருக்கக் கூடாது. மஞ்சள் கட்டத்தைப் பாருங்கள், மங்கலாகவாவது இருக்க வேண்டும். பளபளக்கும் ஜன்னலில் கட்டம் இல்லையென்றால், என் மாதிரி யாரோ அதிகம் துடைத்திருக்கிறார்கள். கடைசியாக, தூரத்து டவரும் பக்கத்துக் கதவு நிலையும் இரண்டுமே ஒன்றாகச் சேர வேண்டும். ஒன்று சேர்ந்து மற்றது சேராவிட்டால் வேலை முடியவில்லை. கட்டம் மிகவும் மங்கியிருந்தால், கண்ணாடியைத் தேய்ப்பதற்குப் பதில் ஒரு எளிய வழி உண்டு. பெரிய ஜன்னலின் வெளிப்பக்கத்தில், சரியாக நடுவில், கறுப்பு டேப்பில் மிளகளவு வெட்டி ஒட்டிப் பாருங்கள். நேர்க்காட்சி அங்கே இருண்டு, கட்டத்துப் பிம்பம் எடுப்பாகத் தெரியும். வேண்டாமென்றால் உரித்துவிடலாம், கேமராவுக்கு ஒரு சேதமும் இல்லை.

பெரியவரிடமிருந்து நான் கற்றதில் இதுவே முக்கியம்: திரும்ப மாற்ற முடிகிற காரியத்தை முதலில் செய், மாற்ற முடியாததைக் கடைசிக்கு வை, முடிந்தால் செய்யாமலே விடு. இந்தக் கலையை நான் மதிப்பதற்குக் காரணமும் அதுதான். கண்ணாடி எவ்வளவு பளபளக்கிறது என்று இந்த வேலையை அளக்க முடியாது. தொட வேண்டாத இடத்தில் கை நின்றதா, இரண்டு பார்வையும் ஒத்துப்போனதா, இவைதான் அளவுகோல்.

நேயர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு கேமரா கிடந்தால் இன்றே வெளியே எடுங்கள். தோல் உறையைக் கழற்றித் தனியே வையுங்கள், பூஞ்சணம் வளர்வது அதற்குள்தான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கேமராவை வையுங்கள். மழைக்காலம் போகட்டும். தை, மாசியில் ஒரு நல்ல மாலையில் கடற்கரைக்குக் கொண்டுவந்து, தொடுவானத்தையும் தொலைவில் நிற்கும் ஒரு டவரையும் அந்த ஜன்னல் வழியே பாருங்கள். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் ஒரு ஃபிலிம் ரோல் வாங்கிப் போட்டு, அதைக் கொண்டுவந்து கொடுத்தவரையே முதல் படம் எடுங்கள். இரட்டையாகத் தெரிந்தால், வேலை தெரிந்த பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போங்கள், பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பாருங்கள். அந்தக் கை இருக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டிய வேலை இது.